பெர்மிட் வேறு, கிராண்ட் வேறு

(வவுனியா நெளுக்குளத்தில், தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



1977ஆம், 1983ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வந்து, இந்த வன்னி மண்ணில் காடு வெட்டிக் குடியேறியவர்கள் உங்களில் பலர். லயத்துக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாக இருந்தும் ஒரு துண்டுக் காணி நமக்குச் சொந்தமாகவில்லை. அதனால் கையில் காணிப் பத்திரம் ஒன்று கிடைத்ததும் மனம் குளிர்ந்துவிடுகிறது. அது என்ன பத்திரம் என்று பார்ப்பதில்லை.

நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஒரு தாய் பத்திரத்தைக் கொண்டுவந்து, "ஐயா, காணிய எழுதிக் குடுத்துட்டாங்க" என்றார். நாங்களும் வாசித்துப் பாராமல் சந்தோசப்பட்டோம். மகளின் கலியாணத்துக்காக அதில் பாதியை விற்கப் போனபோதுதான் அது வெறும் பெர்மிட் என்று தெரிந்தது. வாங்கிய முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்க அந்தத் தாய் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதில் எங்கள் பிழையும் உண்டு.

இரண்டும் இங்கிலீசுச் சொற்கள். பெர்மிட் என்றால் அனுமதி. "இருந்து, பயிர் செய்" என்பது. கிராண்ட் என்றால் அளிப்பு. "இந்தா, வைத்துக்கொள்" என்பது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இரண்டையும் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. முதலில் பெர்மிட் வரும். காணியில் குடியிருந்து, திருத்தி, கட்ட வேண்டியதைக் கட்டி, நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகுதான் கிராண்ட் வரும். சுவர்ணபூமி, ஜயபூமி என்று கொடுத்தவை கிராண்ட் வகை. நிபந்தனையை மீறினால் பெர்மிட்டை ரத்துச் செய்யலாம்.

கிராண்ட் வந்துவிட்டால் நினைத்தபடி விற்கலாமா? அதுவும் இல்லை. முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். சம்மதமில்லாமல் நொத்தாரிசிடம் போய் உறுதி எழுதினாலும் அது செல்லாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. வீடு கட்டக் கொடுத்த உதவிப் பணத்தையும் கிராண்ட் என்றுதான் சொன்னார்கள். அது மானியம்; காணிக்கும் அதற்கும் தொடர்பில்லை. "கிராண்ட் கிடைச்சிருச்சு" என்று யாராவது சொன்னால், காசா காணியா என்று கேளுங்கள்.

பெர்மிட்டோ கிராண்டோ, உங்களுக்குப் பின் காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரின் பெயரைப் பதிந்து வையுங்கள். பதியாவிட்டால் சட்டம் தன் வரிசைப்படி ஒருவரைக் காட்டும். கடைசிவரை உங்களுக்குக் கஞ்சி ஊற்றிய பிள்ளை அவராக இல்லாமற் போகலாம்.

மலைநாட்டில் இதை வாசிக்கும் உறவுகளுக்கும் இது பொருந்தும். உங்கள் கைக்கும் பத்திரம் வரும்போது, முதலில் தலைப்பை வாசியுங்கள். விளங்காவிட்டால் பிரதேச செயலகத்துக் காணி உத்தியோகத்தரிடம், "ஐயா, இது அனுமதிப் பத்திரமா, அளிப்புப் பத்திரமா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, கேளாமல் இருந்ததுதான் நமக்கு நட்டம்.