நிறுத்தும் வல்லமை



அமெரிக்காவில், மில்வோக்கி நகரில் 1953ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பரிசோதனை விமானச் சங்கத்தினர் பலர் வீட்டிலேயே சிறு விமானங்களைக் கட்டுகின்றனர். கட்டியவரே ஓட்டுகிறார், பிழை நேர்ந்தால் பழிசொல்லப் பிறர் இல்லை. ஆகவே சில்லுகளின் பிறேக்கைச் சீர்படுத்துவது உயிர்காக்கும் வேலையாகும்.

வேகம் இருமடங்கானால் பிறேக் தாங்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகும். அது பெரும்பாலும் வெப்பமாக மாறுவதால், அவ்வெப்பத்தை ஏற்கக் கனத்த தட்டு வேண்டும். எண்ணெய்க் குழாயிற் காற்றுக் குமிழி இருந்தால் மிதி பஞ்சுபோல் அமுங்கும். கீழிருந்து எண்ணெயை மேலேற்றிக் குமிழியை அகற்றலாம். கார்ப் பிறேக் எண்ணெயை ஊற்றினாலோ, கனிம எண்ணெய்க்கென அமைந்த றப்பர் வளையங்கள் பழுதாகும்.

பலத்தை மட்டும் கூட்டினாற் போதுமோ? போதாது. வாலிற் சில்லுள்ள விமானத்தில் அளவுமீறி மிதித்தால், வால் எழும்பி மூக்கு நிலத்திற் குத்தும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் விமானம் ஓடுபாதையை விட்டு விலகும். இரு பக்கமும் ஒத்து, அளவோடு பிடிப்பதே நல்ல பிறேக்.

இளைஞர்களே! பறக்க விரும்பும் நாம், உரிய இடத்தில் நிற்கவும் கற்போமாக.