நமது பொதுமண்டபம் எவ்வாறு அமைதல் வேண்டும்?

(குலசேகரன்பட்டினத்தில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நமது சமூகத்திற்கு ஒரு பொதுமண்டபம் வேண்டும் என்பதில் நம்முள் அபிப்பிராயபேதம் இல்லை. சிமிட்டியும் இரும்பும் கொண்டு, வாடகை தரத்தக்க கல்யாண மண்டபமாக அதனைக் கட்டுவதா, அன்றி நம் முன்னோர் தொழிலும் கலையும் உயிரோடு வாழத்தக்க இடமாகக் கட்டுவதா என்பதே வினா. பின்னதனையே வற்புறுத்த வந்திருக்கிறேன்.

காக்க வேண்டுவது யாது? தசராக் காலத்தில் முத்தாரம்மனை வேண்டி, பல ஜாதியாரும் விரதம் பூண்டு, காளியாகவும் குறவனாகவும் குறத்தியாகவும் வேடம் தாங்கி, வீடுதோறும் காணிக்கை பெற்றுச் சந்நிதியில் சேர்க்கின்றனர். அவ்விரதத்திற்கென ஊர்தோறும் ஓலைக்குடில் அமைத்து, அதில் அம்மனை வைத்து வழிபடுதல் வழக்கம். அங்கேதான் சிறுவன் மேளத்தின் அடியைக் கற்கிறான். வேடங்கட்டும் முறையையும் விரதத்தின் கட்டுப்பாட்டையும் மூத்தோரிடம் அறிகிறான். நமக்குரிய மண்டபத்தின் மூலவடிவம் அக்குடிலே என்பது என் துணிபு.

அதனைச் சற்று விரித்துக் கட்டுவோம். சுவருக்குச் சுண்ணாம்புக் காரை போதும். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி நீரும் சேர்த்து அரைத்த சாந்தினை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். கடற்கரையின் உப்புக்காற்றில் சிமிட்டிக்குள் இருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, தன்னை மூடிய சிமிட்டியையே பிளந்துவிடும். சுண்ணாம்புச் சுவருக்கு அத்தீங்கில்லை. மேலே வைரம் பாய்ந்த பனஞ்சட்டமும் ஓடும்; முன்புறம் நாற்புறமும் திறந்த பெரிய ஓலைப்பந்தல். மரத்திற்காகப் பனையை வெட்டலாகாது. 1978 முதல் அது நம் மாகாணத்தின் மரம்; அதனை வெட்டக் கலெக்டரின் அநுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையும் கூறிற்று. காற்றில் வீழ்ந்த மரங்களையும், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் சட்டங்களையும் சேகரித்தல் தகும்.

இவ்வாறு செய்தவர் உண்டோ எனின், உண்டு. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தக்ஷிணசித்ரா என்னும் இடத்தில், இடிபடவிருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பியிருக்கின்றனர். அதன் அமைப்பை வகுத்தவர் லாரி பேக்கர். நமக்கு வீட்டைப் பெயர்த்துக் கொணரும் பிரயாசை இல்லை. மரமும் மணலும் திருவிழாவும் இவ்விடத்திலேயே உள்ளன.

ஆக்ஷேபங்கள் இரண்டு. ஓலை தீப்பற்றும் என்பது முதலாவது. இதனை அலட்சியம் செய்தல் பாவம். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் கூரை பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். ஆதலின் பந்தலுக்குச் சுவரோ கதவோ கூடாது. மின்கம்பி அதன் வழியே செல்லலாகாது. அடுக்களை தூரத்தே தனியே இருத்தல் வேண்டும். குழந்தைகள் உறங்குவதும் கற்பதும் ஓட்டுக்கட்டடத்திலேயே நிகழ்தல் வேண்டும்.

ஓலையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டுமே என்பது இரண்டாவது. அதனைக் குறை என்கின்றனர்; நானோ அதுவே பெரும்பயன் என்கிறேன். இதற்கு என் அநுபவமே சான்று.

என் தகப்பனார் பனையேறியவர். அவர் வேய்ந்த கூரையின் கீழிருந்து படித்தே உத்தியோகத்திற்குச் சென்றேன். பணம் வந்ததும், அவருக்குச் சுகம் செய்வதாக எண்ணி, அக்கூரையைப் பிரித்துக் காங்கிரீட் தளம் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓலையை எப்பருவத்தில் வெட்டுவது, எவ்வாறு மிதித்துப் படியவைப்பது, மட்டைநாரால் எவ்வாறு வரிவது என்பவற்றை நான் கேட்கவுமில்லை. வேய வேண்டிய கூரை இல்லாதபோது கேட்கத் தோன்றுமோ? அவரோடு அவ்வித்தையும் எங்கள் வீட்டைவிட்டுப் போயிற்று.

பழுதுபார்க்க வேண்டாத கட்டடம் எவரையும் ஒன்றும் கற்கச் செய்யாது. பந்தல் வேயும் நாளை ஒரு விழாவாக்குவோம். பனையேறி ஓலை இறக்கட்டும். பெரியவர் வரிந்து காட்டட்டும். கல்லூரியில் பயிலும் பிள்ளை கைகொடுக்கட்டும். தாய்மார் கொட்டானும் பெட்டியும் முடையக் கற்பிக்கட்டும். உழைப்பவருக்குக் கூலியைக் குறைவின்றிக் கொடுப்போம். 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமையே. ஏறுவோர் இல்லையேல் அக்கருப்பட்டி ஏது?

2024 பிப்ரவரி 28 அன்று இவ்வூரில் ராக்கெட் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. நம் பிள்ளைகள் அங்கே எஞ்சினீயர்களாகச் செல்லவேண்டும் என்பதே என் ஆசை. அவர்கள் மாலையில் திரும்பி வந்து அமர்ந்து, வில்லிசை கேட்க ஒரு பந்தல் இருக்கட்டும்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். தசராவில் அம்மனுக்கு வேடம் பூணுவோரை இன்னார் இனியார் என எவரும் பிரிப்பதில்லை. நமது செல்வத்தால் கட்டப்பெறும் இம்மண்டபமும் எல்லாத் தசராக் குழுவினருக்கும் திறந்திருத்தல் வேண்டும். வாடகை வருமானம் குறையும் என்பதை மறைக்கவில்லை. அக்குறைவை நாம் ஏற்போமாயின், நான் என் தகப்பனாரிடம் கேட்கத் தவறியதை உங்கள் பேரப்பிள்ளைகள் உங்களிடம் கேட்பார்கள். நன்கு ஆராய்ந்து தீர்மானிக்குமாறு மகாஜனங்களை வணக்கத்துடன் வேண்டிக்கொள்கிறேன்.