'நிறம் பார்க்காத சட்டம்' யாருக்குப் பயன்படுகிறது?

(படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி இங்கே உட்கார்ந்து ஏன் பேச வேண்டும் என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தத் தீர்ப்பில் உள்ள வாதங்களைப் படித்தால், நம் ஊரில் இடஒதுக்கீட்டுக்கு எதிராகப் பேசுகிறவர்களின் குரல் அப்படியே கேட்கிறது. அதனால்தான் பேசுகிறேன்.

2023 ஜூன் 29 அன்று அந்தத் தீர்ப்பு வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் வட கரோலினா பல்கலைக்கழகமும் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பது சட்ட விரோதம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். அந்த நாட்டில் 'அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்' என்று சொல்லப்படும் ஏற்பாடு, கல்லூரிச் சேர்க்கையைப் பொறுத்தவரை அன்றோடு முடிந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். அங்கே நம்மைப் போல இத்தனை விழுக்காடு என்ற இடஒதுக்கீடு கிடையாது. 1978இல் வந்த பாக்கி வழக்கிலேயே அது தடை செய்யப்பட்டது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது பல காரணிகளில் ஒன்றாக இனத்தையும் பார்க்கலாம் என்ற அளவுக்குத்தான் அனுமதி இருந்தது. அந்தக் கொஞ்சமும் இப்போது போய்விட்டது.

எதைச் சொல்லிப் பறித்தார்கள்? சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று சொல்லும் 14ஆவது திருத்தத்தைச் சொல்லித்தான் பறித்தார்கள். அந்தத் திருத்தம் எப்போது வந்தது? உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிக்கப்பட்ட பிறகு, விடுதலை பெற்ற கருப்பின மக்களுக்குக் குடியுரிமையும் சம உரிமையும் தருவதற்காக 1866இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1868இல் நடைமுறைக்கு வந்தது. அதே 1866இல் அதே நாடாளுமன்றம், விடுதலையான மக்களுக்குப் பள்ளியும் பாதுகாப்பும் தரும் சிறப்புத் துறையை நீட்டித்துச் சட்டம் போட்டது. குடியரசுத் தலைவர் தடுத்தும் அவர் தடையை மீறி நிறைவேற்றியது. ஆக, திருத்தத்தை எழுதியவர்களுக்குச் சமத்துவமும் சிறப்பு ஏற்பாடும் முரணாகத் தெரியவில்லை. 157 ஆண்டுகள் கழித்து, அடிமைகளின் பேரப்பிள்ளைகளுக்கு எதிராகவே அந்தத் திருத்தத்தைத் திருப்பியிருக்கிறார்கள்.

நமக்கு இது புதிதா? 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் என்ன நடந்தது? அரசமைப்புச் சட்டத்தின் சமத்துவ உரிமையைக் காட்டித்தான் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்றார்கள். வழக்குப் போட்டவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. தமிழ்நாடு கொதித்தது, பெரியார் போராடினார், அதே ஆண்டு முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது. கருப்பின மக்களுக்கு அந்த வழி எளிதில் கிடையாது. அங்கே அரசமைப்பைத் திருத்த இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், பிறகு 50 மாநிலங்களில் 38 ஒப்புக்கொள்ள வேண்டும்.

'நமது அரசமைப்புக்கு நிறம் தெரியாது' என்ற கருத்துக்கு அவர்கள் பிடித்துக்கொள்ளும் ஆதாரம், 1896 பிளெசி வழக்கில் நீதிபதி ஹார்லன் தனி ஒருவராக எழுதிய மாறுபட்ட தீர்ப்பு. ரயிலில் கருப்பர்களைத் தனிப் பெட்டியில் ஏற்றும் சட்டத்தை எதிர்த்து அவர் அதை எழுதினார். இந்த நாட்டில் சாதி இல்லை என்றும் அதில் சொன்னார். 'சாதி' என்ற சொல்லையே பயன்படுத்தினார். ஆனால் அதே பத்தியில், கல்வியிலும் செல்வத்திலும் அதிகாரத்திலும் வெள்ளை இனமே மேலோங்கி இருக்கிறது, இனியும் இருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். சட்டம் நிறம் பார்க்க வேண்டாம், மேலாதிக்கம் தானாக நீடிக்கும் என்பதுதான் இதன் பொருள். இதை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

அடுத்து 'தகுதி'. வழக்கு விசாரணையில் ஹார்வர்டின் சேர்க்கைக் கணக்கு வெளியே வந்தது. சேர்க்கப்பட்ட வெள்ளை மாணவர்களில் 43 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் விளையாட்டு வீரர்கள், பழைய மாணவர்களின் பிள்ளைகள், ஆசிரியர் ஊழியர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர் தொடர்பு போன்றவற்றால் தனிப் பட்டியலில் வந்தவர்கள். மற்ற இனத்தவரில் இது 16 விழுக்காட்டுக்கும் குறைவு. அப்பா படித்த கல்லூரி என்பதற்காக மகனுக்கு முன்னுரிமை! இதற்குப் பெயர் பிறப்பால் வரும் சலுகை இல்லாமல் வேறென்ன? நீதிமன்றத் தீர்ப்பு இதைத் தடை செய்யவில்லை.

இந்த வழக்கில் ஆசிய மாணவர்களை முகமாக நிறுத்தினார்கள். ஆளுமை மதிப்பெண்ணில் ஆசிய மாணவர்களுக்குக் குறைவாகப் போடப்பட்டது உண்மை. அதற்குத் தீர்வு அந்த மதிப்பெண் முறையைச் சரிசெய்வது, வாரிசு முன்னுரிமையை எடுப்பது. கருப்பு மாணவனின் இடத்தைக் குறைப்பது எப்படித் தீர்வாகும்? பல ஆசிய அமெரிக்க அமைப்புகளே இதைச் சொல்லி ஹார்வர்டு பக்கம் நின்றன. அமெரிக்காவில் வாழும் நம்மவர்களும் இதை யோசிக்க வேண்டும். 1965 குடியேற்றச் சட்டம் வந்த காலமே கருப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டம் உருவாக்கிய காலம்தான்.

விளைவு என்ன? மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் முந்தைய ஆண்டுகளில் சராசரியாக 13 விழுக்காடு இருந்த கருப்பு மாணவர் சேர்க்கை, 2024இல் 5 விழுக்காடானது. ஆமர்ஸ்ட் கல்லூரியில் 11இலிருந்து 3 ஆனது. யேல் போன்ற சில இடங்களில் பெரிய மாற்றம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பாதை எங்கே போகிறது என்பது தெரிகிறது. 2025 ஜனவரி 21 அன்று, அரசு ஒப்பந்த நிறுவனங்கள் வேலை வாய்ப்பில் பாகுபாட்டைக் களைய வேண்டும் என்று 1965இல் ஜான்சன் பிறப்பித்த ஆணையை டிரம்ப் ரத்து செய்தார்.

இதில் நமக்கான பாடம் ஒன்று உண்டு. பாக்கி வழக்கிலேயே, சமூகம் இழைத்த வரலாற்று அநீதிக்கு ஈடு செய்வது என்ற காரணத்தை நீதிபதி பவல் ஏற்கவில்லை. வகுப்பறையில் பன்முகத்தன்மை இருந்தால் எல்லா மாணவருக்கும் நல்லது என்ற காரணத்தை மட்டும் ஏற்றார். அன்று நீதிபதி தர்குட் மார்ஷல் அடிமை முறையின் முழு வரலாற்றையும் எழுதி மறுத்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. உரிமையாக இருக்க வேண்டியது பிறருக்குப் பயன் தரும் அலங்காரமாக மாறியது. அலங்காரத்தை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். 2003இல் இன்னும் 25 ஆண்டில் இது தேவைப்படாது என்று எதிர்பார்த்தார்கள். அந்த 25 ஆண்டுகூட முடியவில்லை, 20 ஆண்டிலேயே கழற்றிவிட்டார்கள்.

இங்கேயும் 'எத்தனை காலத்துக்கு?' என்று கேட்கிறார்கள். பத்து ஆண்டு என்று அம்பேத்கரே சொன்னார் என்கிறார்கள். அந்தப் பத்து ஆண்டு நாடாளுமன்ற, சட்டமன்றத் தனித்தொகுதிகளுக்கானது. கல்விக்கும் வேலைக்கும் அரசமைப்பில் கால வரம்பே இல்லை. 2022இல் 10 விழுக்காடு பொருளாதார ஒதுக்கீட்டை ஏற்ற தீர்ப்பிலேயே, இடஒதுக்கீட்டுக்குக் கால வரம்பு வேண்டும் என்று நீதிபதிகள் எழுதினார்கள். ஆகவே, 'ஏழைகளுக்கு உதவி' என்றோ, 'பன்முகத்தன்மை' என்றோ நம் உரிமைக்கு வேறு பெயர் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். மறுக்கப்பட்ட பங்கைத்தான் கேட்கிறோம் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். சாதி ஒழியும் நாள் வரட்டும், கால வரம்பைப் பற்றி அன்று பேசுவோம்.