பழைய பெயிண்ட்டைச் சுரண்டும் முன்பு
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர்களுக்கு நிகழ்த்திய உரை)



நம்ம குழுக்களில் நிறையப் பேர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறோம். பிரஷ் பிடிப்பது ஆண்கள், பழைய பெயிண்ட்டைச் சுரண்டுவது பெண்கள் என்று பல இடங்களில் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். கூலியும் அப்படித்தான், சித்தாள் கூலி. ஆனா புது பெயிண்ட் நிற்பதும் உதிர்வதும் சுரண்டுகிற கையிலே இருக்கு.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பக்கம் கான்கிரீட் வீடுகள் நிறைய வந்தன. அந்தச் சுவர்களில் பெயிண்ட் பாளம் பாளமாக உரிந்தால் கடைக்காரரைத் திட்டுகிறோம். பெரும்பாலும் குற்றவாளி ஓதமும் உப்பும்தான். சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியே வரும்போது உப்பையும் கூட்டி வரும். அது பெயிண்ட்டுக்கு அடியில் பூத்து, பெயிண்ட்டைத் தள்ளிவிடும். கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடி திருவள்ளுவர் சிலைக்குக்கூட, ரசாயனம் பூசுவதற்கு முன்னால் காகிதக் கூழை அப்பி உப்பை எடுக்கிறார்கள். கருங்கல்லுக்கே அந்தப் பாடு!

அதனால் முதலில் சுவரைச் சோதியுங்க. ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருது. ஒழுகல் எங்கே என்று பார்த்து அடைக்காமல் சுரண்டுவது வீண். நமக்கு இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தி அவசரப்படுத்துகிற வீட்டுக்காரர்களிடம் இதைச் சொல்லத்தான் வேணும்.

சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் என்றால் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, தகட்டால் முழுவதும் எடுக்கணும். எமல்ஷன் என்றால் முழுவதும் எடுக்க வேண்டியதில்லை. பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்க. டேப்போடு வராத பெயிண்ட் நல்ல பிடிப்பில் இருக்கு, அதை விட்டுவிடலாம். மினுக்கம் போகிற அளவு உப்புத்தாள் தேய்த்தால் போதும்.

கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றச் சொன்னால் கேட்காதீங்க. அது பெயிண்ட்டைக் கரைக்காது, சிமெண்ட்டைத்தான் தின்னும். கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் வருகிற புகை உயிருக்கே ஆபத்து.

இனி முக்கியமான விஷயம், ஈயம். பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின பெயிண்ட்டில், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமலில், ஈயம் இருக்கலாம். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தூசி பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது.

எனவே காய்ந்த சுவரில் உப்புத்தாள் போடாதீங்க, நனைத்துத் தேய்ங்க. கீழே ஷீட் விரியுங்க. வாரியல் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து எடுங்க. முந்தானையை மூக்கில் கட்டினால் தூசி நிற்காது. கொரோனா காலத்தில் போட்டோமே, அந்த என்95 மாஸ்க் வேணும். வேலைச் சேலையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீங்க. மாற்றிவிட்டுக் கைகால் கழுவுங்க, அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்க.

பெயிண்டிங் வேலை செய்கிற 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதியலாம். பதியாதவர்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்க. குழுவாக வேலை எடுக்கும்போது சுரண்டுவதற்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று தனியாக எழுதி வாங்குங்க. மாஸ்க்கும் ஷீட்டும் அந்தக் கணக்கிலேயே வரணும்.