மாங்கட்டையும் மதுரை வெயிலும்



ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தால், பட்டுப்போன மாமரக் கிளையில் தவிட்டு நிறத்தில் ஏதோ படர்ந்து முளைத்திருக்கும். பலரும் அதைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அது மரத்தைத் தின்று வளர்கிற காளான். அந்த இடத்தில் நாம் சாப்பிடக்கூடிய காளான் ஒன்றை வரவைக்க முடியாதா, மதுரையில் ஒரு வீட்டுக் கொல்லையில் நாலு கட்டையைப் போட்டு வளர்க்க முடியாதா என்று கேட்பவர்கள் இப்போது நிறையப் பேர். முடியும். ஆனால் அந்தக் கட்டை ஒரு கத்திரி வெயிலைத் தாண்டி வர வேண்டும். இன்றைக்கு நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

காளானுக்குப் பச்சையம் கிடையாது. வெயிலில் இருந்து அது தன் சாப்பாட்டைச் சமைத்துக்கொள்ளாது. செத்த மரத்துக்குள், வைக்கோலுக்குள், மட்கிய இலைக்குள் வெள்ளை நூல் போன்ற பூசண இழைகளை ஓடவிட்டு அங்கே இருக்கிற சத்தை உறிஞ்சுகிறது. மரத்துக்குக் கெட்டித்தன்மை தருகிற லிக்னின் என்ற பொருளை உடைப்பது எளிதல்ல. சிப்பிக் காளானால் அது முடியும். அதனால்தான் அது மரத்திலும் வளர்கிறது, வைக்கோலிலும் வளர்கிறது. நம் கண்ணுக்குத் தெரிகிற குடை அதன் பழம் மாதிரி. உடம்பு முழுவதும் உள்ளே இருக்கிறது. கட்டை ஈரமாக இருக்கிற வரைக்கும்தான் அந்த உடம்புக்கு உயிர்.

கட்டையில் காளான் வளர்ப்பது சீனாவிலும் ஜப்பானிலும் பல நூற்றாண்டுப் பழக்கம். ஷிட்டாகே என்கிற காளானுக்காக மலைக்காட்டில் மரத்தை வெட்டிச் சாய்த்து, கோடரியால் பட்டையில் வெட்டுக் காயம் போட்டு, ஏற்கெனவே காளான் பூத்த கட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். காற்றில் வருகிற வித்துத் தூள் அந்தக் காயத்தில் விழுந்தால் விளைச்சல், விழாவிட்டால் இல்லை. 1940களில்தான் கிசாக்கு மோரி என்ற ஜப்பானியர், ஆய்வகத்தில் காளான் இழையை மரத்துண்டுகளில் வளர்த்து, அவற்றைக் கட்டையில் அடித்து இறக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதன் பிறகு விவசாயி காற்றை நம்பியிருக்க வேண்டியதில்லை. சிப்பிக் காளானைக் கட்டையிலும் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலும் வளர்த்துக் காட்டியவர் ஜெர்மனியின் ரிச்சர்ட் பால்க். ஆண்டு 1917, முதல் உலகப் போர் நடந்த காலம்.

இந்த முறைகள் எல்லாம் குளிர்ந்த இடங்களில் பிறந்தவை. ஷிட்டாகே பூக்க 25 டிகிரிக்குக் கீழே வர வேண்டும். மதுரையில் மார்கழி இரவில் அந்தக் குளிர் கிடைக்கும். ஆனால் சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடுகிற பகலை அந்த இழை கட்டைக்குள் தாங்கிக்கொண்டு இருக்க வேண்டுமே! கொடைக்கானலில் இருக்கிற நேயர்கள் தாராளமாக முயலலாம். மேலூரிலும் திருமங்கலத்திலும் ஷிட்டாகேக்குச் செலவு செய்யாதீர்கள் என்பதுதான் என் கருத்து. நம் சமவெளிக்குக் கட்டையில் ஏற்றது சிப்பிக் காளான். அதிலும் வெப்பம் தாங்குகிற ரகம். அருப்புக்கோட்டையின் பெயரைத் தாங்கிய ஏபிகே 1 என்ற இளஞ்சிவப்புச் சிப்பிக் காளான் அப்படிப்பட்டது. மதுரையின் பெயரிலேயே எம்டியு 1 என்று ஒரு சிப்பிக் காளான் ரகமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்திருக்கிறது.

கட்டைக்கு நாம் எங்கேயும் அலைய வேண்டாம். நத்தத்திலும் அழகர்கோவில் அடிவாரத்திலும் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் காய்ப்பு முடிந்து ஆவணி, புரட்டாசியில் கவாத்து செய்வார்கள். அப்போது விழுகிற கிளை போதும். பட்டை உரியாமல், உளுக்காமல், தொடைப் பருமனுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். பட்டைதான் கட்டையின் ஈரத்தைக் காக்கிறது. பட்டை உரிந்த கட்டை விறகுக்குத்தான் ஆகும். வெட்டி இரண்டு மூன்று வாரத்துக்குள் காளான் வித்தை, அதாவது இழை வளர்த்துத் தருகிற துண்டையோ தானியத்தையோ, ஏற்றிவிட வேண்டும். தாமதித்தால் வேறு பூசணம் முந்திக்கொள்ளும். வேம்பு வேண்டாம், தேக்கு வேண்டாம். பூசணத்தையும் கரையானையும் விரட்டுகிற சத்து அவற்றிலேயே இருக்கிறது. நிலை, கதவுக்குத் தேக்கைத் தேடுவதும் அதனால்தானே? முருங்கை போன்ற மென்மையான மரத்தில் இழை சீக்கிரம் பரவும், கட்டையும் சீக்கிரம் இற்றுப்போகும். மா நடுத்தரம்.

வெளிநாட்டில் ட்ரில்லிங் மெஷினால் விரல் பருமனுக்குத் துளை போட்டு, ஒரு அங்குல ஆழத்துக்கு வித்தை அடைத்து, மேலே மெழுகைக் காய்ச்சிப் பூசி மூடுகிறார்கள். துளைக்குத் துளை ஒரு சாண் இடைவெளி. நம் ஊரில் கிடைக்கிற காளான் வித்து பெரும்பாலும் வேகவைத்த சோளத்தில் வளர்த்தது. அதைத் துளையில் வைத்தால் எறும்பும் அணிலும் தேடி வரும். அதனால் நம் கொல்லைக்கு வேறொரு முறையைச் சொல்கிறேன். கட்டையை ஒரு சாண் உயரத்துக்கு வட்டு வட்டாக அறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வட்டு, அதன் மேல் ஒரு கை வித்து, அதன் மேல் இன்னொரு வட்டு, மறுபடி வித்து, மேலே ஒரு வட்டு. மூன்று வட்டுக்கு மேல் வேண்டாம், சாய்ந்துவிடும். மொத்தத்தையும் ஒரு பாலிதீன் பைக்குள் இறக்கி, காற்றுக்காக நாலைந்து சிறு துளை போட்டு, வாயைத் தளர்வாகக் கட்டி நிழலில் வையுங்கள். இழை ஒரு வட்டில் இருந்து மறு வட்டுக்கு ஓடி இரண்டையும் ஒட்டவைத்துவிடும். மேல் வட்டைத் தூக்கிப் பார்த்தால் கீழ் வட்டும் கூடவே வரும். வித்து பிடித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இதற்கு வாரக்கணக்கு கிடையாது. மாதக்கணக்கு. புரட்டாசியில் வித்து ஏற்றினால் ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் இழை வேரூன்றும். பிறகு பங்குனி வரும், சித்திரை வரும். கட்டை காய்ந்தால் உள்ளே எல்லாம் செத்துப்போகும். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கம், கிணற்றடி, தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுகிற ஓரம், இப்படி எப்போதும் குளிர்ச்சியாக இருக்கிற இடமாகப் பாருங்கள். நனைத்த சாக்கை மேலே போர்த்துங்கள். இரண்டாவது பகை கரையான். வெளிநாட்டுப் புத்தகத்தில் கட்டையைப் பாதி மண்ணில் புதைக்கச் சொல்லியிருக்கும். மதுரை மண்ணில் அதைச் செய்தால் கரையானுக்கு விருந்து வைத்தது போல ஆகும். செங்கல் அடுக்கி அதன் மேல் வையுங்கள், சுவரிலும் சாய்க்க வேண்டாம். கரையான் மருந்து மட்டும் அடிக்கவே கூடாது. கட்டை குடித்த மருந்து காளானுக்குள்ளும் வரும்.

கோடையைத் தாண்டிவிட்டால் அடுத்த மழைக் காலத்தில் பையைக் கிழித்துவிட்டு, கட்டையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து வையுங்கள். அந்தக் குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்து மொட்டு விடச் செய்யும். ஆசைக்கும் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கும் இது அருமையான வேலை. வாரம் ஒரு முறை வீட்டுக் குழம்புக்குக் காளான் வேண்டும் என்றால் கட்டையை நம்பக் கூடாது. அதற்கு நமக்குப் பக்கத்திலேயே வேறு வழி இருக்கிறது.

1974இல் பூர்காயஸ்தா, சந்திரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் மேற்கு வங்கத்துச் சமவெளியில் வெயில் காலத்தில் முளைக்கிற ஒரு வெள்ளைக் காளானை அடையாளம் கண்டு அறிவியல் உலகுக்குச் சொன்னார்கள். நாம் பால் காளான் என்கிறோமே, அதுதான். பல ஆண்டுகள் அது கவனிக்கப்படாமலே கிடந்தது. பிறகு நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணமூர்த்தி என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் அதை வைக்கோலில் வளர்க்கும் முறையை ஒழுங்குபடுத்தினார்கள். 1998இல் ஏபிகே 2 என்ற ரகம் வெளிவந்தது. ஏபிகே என்றால் அருப்புக்கோட்டை. மதுரையில் இருந்து தெற்கே பஸ்ஸில் போகிற தூரம், மழை குறைந்த கரிசல் பூமி. குளிர்நாட்டுப் பயிர் என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்த காளான், 30 முதல் 35 டிகிரி சூட்டில் நன்றாக விளைகிற பயிராக அந்த ஊர்ப் பெயரோடு வந்ததை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். இன்றைக்கு மற்ற மாநிலங்களிலும் அதை வளர்க்கிறார்கள்.

எப்படி வளர்ப்பது? சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் அறுவடை முடிந்ததும் புது வைக்கோலாகப் பார்த்து வாங்குங்கள். மழையில் நனைந்து கறுத்தது, போன வருடத்துப் போரில் இருந்து உருவியது வேண்டாம். இரண்டு அங்குலத்துக்குள் நறுக்கி, நாலைந்து மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவையுங்கள். நெல் அவிக்கிற அண்டா இருந்தால் வசதி. வெந்த வைக்கோலைச் சுத்தமான தார்ப்பாயில் நிழலில் உலர்த்துங்கள். எவ்வளவு உலர வேண்டும் என்பதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். ஒரு கை வைக்கோலை அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கையில் மட்டும் ஈரம் ஒட்ட வேண்டும். சொட்டினால் வைக்கோல் அழுகி நாற்றம் எடுக்கும், கை காய்ந்தே இருந்தால் இழை ஓடாது.

பாலிதீன் பையின் அடியைக் கட்டிவிட்டு, வைக்கோல் ஒரு அடுக்கு, ஓரத்தைச் சுற்றி வித்து, மறுபடி வைக்கோல், மறுபடி வித்து என்று நிரப்பி வாயைக் கட்டுங்கள். இதுதான் படுக்கை. பக்கத்தில் இரண்டு சிறு துளை போட்டு, இருட்டறையில் தொங்கவிடுங்கள். பதினைந்து இருபது நாளில் பை முழுக்க வெள்ளையாகும். பச்சைத் திட்டு விழுந்தால் அது வேறு பூசணம். அந்தப் பையை அறையிலேயே பிரிக்காமல் அப்படியே வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள்.

சிப்பிக் காளானையும் இதே போல வைக்கோலில் வளர்க்கலாம், அதற்கு மண் வேண்டாம். பால் காளானுக்கு மேலே மண் வேண்டும். வெளுத்த பையை நடுவில் இரண்டாக வெட்டி, திறந்த பக்கத்தில் ஒன்று இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு மண் பரப்ப வேண்டும். மண்ணில் கால்சியம் கார்பனேட் தூளைக் கொஞ்சம் கலந்து, ஒரு மணி நேரம் ஆவியில் அவித்து ஆறவைத்துக்கொள்ளுங்கள். நம் கரிசலை அப்படியே போட்டால் இறுகிவிடும், உதிரியான தோட்டத்து மண் நல்லது. இனிமேல் வெளிச்சமும் வேண்டும், காற்றும் வேண்டும். மண் காயாமல் கைத்தெளிப்பானால் பூப்போலத் தண்ணீர் தெளித்துவந்தால் எட்டுப் பத்து நாளில் மொட்டு தெரியும், அதற்கு அடுத்த வாரம் பறிக்கலாம். தொடங்கியதில் இருந்து 50 நாளுக்குள் ஒரு படுக்கை முடிந்துவிடும். பக்குவமாகச் செய்தால் ஒரு கிலோ காய்ந்த வைக்கோலுக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் காளான் கிடைக்கும். சிப்பிக் காளான் மறுநாளே வாடிவிடும். பால் காளான் வெளியில் வைத்தாலும் மூன்று நாள் தாங்கும். ப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கும், சந்தைக்குக் கொண்டுபோகிறவருக்கும் இது பெரிய வசதி.

காளானைக் கறிக்கு ஈடு என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அது சரியல்ல. பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதில் இருக்கிற புரதம் தரமானது, ஆனால் அளவு குறைவு. அதோடு நார்ச்சத்தும் உண்டு. நறுக்கி, சமைப்பதற்கு முன் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் வைட்டமின் டி கூடும். அந்த அளவுக்கு நம்பிச் சாப்பிடலாம். வேகவைக்காமல் சாப்பிட வேண்டாம்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நீங்கள் வித்து ஏற்றிய கட்டையில் முளைப்பதெல்லாம் நீங்கள் வளர்த்த காளான் என்று நினைத்துவிடாதீர்கள். காற்றில் வந்த வேறு வித்தும் அதே கட்டையில் முளைக்கலாம். சிப்பிக் காளான் கொத்தாகப் பூக்கும். காம்பு ஓரத்தில் ஒட்டியிருக்கும். குடையின் அடியில் உள்ள தகடு போன்ற மடிப்புகள் காம்பு வரை இறங்கி வரும். வித்து கொடுத்தவர்களிடம் அதைக் காட்டிக் கேட்டு உறுதிசெய்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். சந்தேகம் இருந்தால் குப்பையில் போடுங்கள். விளைகிற அறையில் ஆஸ்துமா உள்ளவர்கள் படுக்கக் கூடாது. முற்றிய சிப்பிக் காளானில் இருந்து பறக்கிற தூள் மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். விரிந்து முற்றுவதற்கு முன்பே பறித்துவிடுவது நல்லது.

யானைமலை அடிவாரத்தில், ஒத்தக்கடைக்குப் பக்கத்தில், 1965இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அங்கே பயிர் நோயியல் துறையில் காளான் பற்றிக் கேளுங்கள். வித்து, பயிற்சி இரண்டுக்கும் அவர்களிடம் விசாரித்துக்கொண்டு தொடங்குங்கள். வித்துப் பையை வாங்கும்போது தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். சோளம் முழுக்க வெள்ளை இழை மூடியிருக்க வேண்டும். பச்சையோ கறுப்போ தெரிந்தால் வாங்காதீர்கள். முதல் தடவை பால் காளானுக்கு இரண்டு படுக்கை மட்டும் போடுங்கள், ஆசைக்கு ஒரு மாங்கட்டையையும் வையுங்கள். படுக்கையில் கை பழகிய பிறகு காளான் வளர்க்கத் தனிக் குடில் கட்டலாம். கடன் வாங்கித் தொடங்க வேண்டிய தொழில் இது இல்லை.