கூண்டைத் திறக்கும் கருணை
(தாமலில் நிகழ்ந்த மகாவீரர் ஜெயந்தி விழா உரை)



அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் முதலாவதாக உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் வைத்தது 'பந்தம்'; அதாவது, உயிரைக் கட்டியும் அடைத்தும் வைத்தல். அடித்தலும் உணவு மறுத்தலும் அதன் பின்னரே வருகின்றன.

இன்று சில இல்லங்களில் சின்சில்லா என்னும் சிற்றுயிர் கூண்டில் வளர்கிறது. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்குளிரில் பாறைக்குப் பாறை தாவித் திரியும் இனம் அது. அதன் மென்மயிரை விரும்பிய மனிதர், அவ்வினத்தையே ஏறத்தாழ இல்லாமற் செய்தனர். கூண்டிலேயே கிடப்பின் அதன் உடலும் உள்ளமும் நலியும். ஆகவே, நாள்தோறும் வெளியே உலவவிடுதல் வளர்ப்போர் கடன்.

ஆயினும், கதவைத் திறந்துவிடுவது மட்டுமே கருணை ஆகாது. கவனமின்மையால் உயிருக்கு நேரும் கேட்டையே இம்சை என்கிறது அந்நூல். முற்றத்தில் விடலாகாது, நாயும் பூனையும் வெயிலும் அதற்குக் கூற்றுவன். 25 பாகை செல்சியசைக் கடந்த வெப்பத்தை அது தாங்காது. காஞ்சிக் கோடையில் குளிரூட்டிய அறையே அதற்குப் புகலிடம். அந்தி சாய்ந்தபின், கதவு சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கடிக்க எட்டும் மின்கம்பிகளை அகற்றி, பீரோவின் பின்னுள்ள இடுக்கை அடைத்து, அருகில் அமர்ந்திருங்கள். துரத்தாதீர், வாலைப் பற்றி இழுக்காதீர், நீரில் குளிப்பாட்டாதீர். அது தானே மடியில் வந்தேறும்வரை பொறுத்திருத்தலும் ஒரு விரதமே.

இவ்வளவும் இயலாதெனின், வாங்காதிருப்பதே அகிம்சை. வாங்கிவிட்டோமெனின், இறுதிவரை கைவிடாதிருப்பதே அறம்.

வாழ்க ஜினதருமம்!