கொல்லைப்புறத்து இளவேனில்

ஊர் மாறிப் பிழைக்கச் சென்றவர்கள் வாடகை வீடு தேடும்போது, குடிநீர் எப்படி, பள்ளிக்கூடம் எவ்வளவு தொலைவு, பேருந்து நிலையம் எங்கே என்றெல்லாம் விசாரிப்பது இயல்பு. இவற்றோடு ‘கொல்லைப்புறம் உண்டா?’ என்று கேட்பதும் என் வழக்கம். நடுவண் அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றும் எனக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வந்துவிடும். ஆகவே நான் நட்ட முருங்கையின் காயையும் எலுமிச்சையின் கனியையும் உண்டவர்கள் எனக்குப் பின் குடிவந்தவர்களே. இதனை நன்குணர்ந்தபின், ஒரு பருவத்திற்குள் பயன் தந்து முடியும் செடிகொடிகளோடு நிறுத்திக்கொள்வதென்று முடிவு செய்திருந்தேன். அம்முடிவை ஒரு மல்லிகைச் செடி கெடுத்துவிட்டது. அதனைப் பற்றியும், அதனைச் சுற்றி முளைத்தவை பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் இப்பொழுது வசிப்பது கருநாடகத்துச் சாமராஜநகரில். அலுவலகம் மைசூரில், காலை ரயிலில் சென்று மாலையில் திரும்புகிறேன். முன்னாளில் அரிகோட்டாரம் என வழங்கிய இவ்வூர், இங்கே பிறந்த மைசூர் மன்னர் சாமராஜ உடையாரின் பெயரைப் பின்னர்ப் பெற்றது. அவர் மகன் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1826இல் எழுப்பிய சாமராஜேசுவரர் கோயில் ஊரின் நடுவே நிற்கிறது. மாவட்டம் என்ற தகுதி 1997இல்தான் கிடைத்தது. அம்மாவட்டத்தைச் சேர்ந்த கொள்ளேகால் வட்டம், 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்படும்வரை நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பதைப் பலர் மறந்திருக்கலாம். இங்கிருந்து தெற்கே ஆசனூர் வழியாகச் சென்று, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கினால் சத்தியமங்கலம். ஊர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 660 மீட்டர் உயரத்தில் இருப்பதால், பங்குனி வெயில் எவ்வளவு சுட்டாலும் பின்னிரவில் ஒரு குளிர்ச்சி மிஞ்சியிருக்கும்.

இளவேனில் என்று நம் முன்னோர் வகுத்தது சித்திரையும் வைகாசியும். ஆங்கில நூல்களில் வரும் வசந்தமோ பனி உருகித் தளிர் தலைகாட்டும் காலம். மொழிபெயர்க்கும்போது இரண்டையும் ஒரே சொல்லால் நிரப்பிவிட்டு மேலே செல்கிறோம், வேறு வழியுமில்லை. இங்கே இளவேனிலின் வருகையை அறிவிப்பவை இலையுதிர்த்த புங்கமரம் பளபளவென்று தளிர்ப்பதும், தெருமுனை வேம்பு பூப்பதுமே. கிழக்கே பிளிகிரிரங்கன் மலைக்காட்டில் ‘தொட்ட சம்பிகெ’ என்றொரு சண்பக மரம் உண்டு. ‘பெரிய சண்பகம்’ என்பது பொருள். அம்மலையில் வாழும் சோலிகர் அதனைத் தெய்வமாகவே வழிபடுகின்றனர்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் மறைந்தார். அதன் பின் கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எங்கள் சிற்றூரிலிருந்து தாயாரை இங்கே அழைத்து வந்தேன். அவர்கள் கொண்டுவந்த மூட்டைகளுள் சுண்ணாம்பு அடித்து மீந்த ஒரு தகர டப்பாவும் இருந்தது. அதில் எங்கள் வீட்டு மல்லிகையிலிருந்து எடுத்த பதியன். 27 வளைவுகளிலும் அதனை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

வந்தவர்களுக்குப் பேச்சுத் துணை இல்லை. கொல்லைப் படியில் அமர்ந்து, ‘ஊருக்கு எப்பக் கண்ணு போறோம்?’ என்று நாள்தோறும் மாலையில் கேட்பார்கள். அடுத்த வீட்டிலும் அவர்கள் வயதொத்த மூதாட்டி ஒருவர் இருந்தார். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்குக் கன்னடம் தெரியாது. முதல் வாரமே ஒரு விபரீதம் நேர்ந்தது. நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது தாயார் முகம் சிவந்திருந்தார்கள். ‘மதில் பக்கம் போனா, என்னைப் பார்த்துப் பன்னிங்கறா கண்ணு!’ என்றார்கள். கன்னடத்தில் ‘வாருங்கள்’ என்பதற்கு மரியாதைச் சொல் அதுவே என்று விளக்கி, அவர்களைச் சமாதானம் செய்ய எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. இருபது ஆண்டு மொழிபெயர்ப்பு அனுபவத்தில் அதுபோன்ற கடினமான பணி எனக்கு வாய்த்ததில்லை.

மல்லிகைக்கு வருவோம். ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி வெட்டி, மட்கிய சாணமும் செம்மண்ணும் கலந்து, வெயில் படும் தென்கிழக்கு மூலையில் அதனை நட்டேன். தாயாரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து எருவும் நீரும் இட்டேன். செடி புதராகப் படர்ந்தது. பூ மட்டும் வரவில்லை. இரண்டாம் ஆண்டு கார்த்திகையில் அடுத்த வீட்டு மூதாட்டி மதிலுக்கு மேலே கையை நீட்டி, அரிவாளால் வெட்டுவதுபோல் அபிநயித்துக் காட்டினார். தாயாருக்குப் பொறுக்கவில்லை. ‘பூச்செடியை வெட்டச் சொல்றாளே, பாவி!’ என்றார்கள்.

மூதாட்டி சொன்னதே சரி. மல்லிகை பூப்பது புதிதாக எழும் தளிர்க்கிளைகளின் நுனியில். பழைய கிளைகளை வைத்துக்கொண்டு எருவிட்டால் இலைதான் பெருகும். குண்டுமல்லிகையை நவம்பர் இறுதியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்திற்குக் கவாத்துச் செய்யவேண்டும். முல்லைக்கும் பிச்சிக்கும் அதனை ஜனவரி இறுதியில் செய்வது முறை. கவாத்துக்கு முன் சில நாள் நீரையும் நிறுத்திவைப்பது நல்லது. தாயார் வீட்டுக்குள் சென்றிருந்த நேரம் பார்த்து வெட்டினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாசி பிறந்ததும் மொட்டுகள் கண்டன. பங்குனியில் நாளொன்றுக்கு இரண்டு முழம் சரம் தொடுக்கும் அளவு பூத்தது. ஒரு முழம் சாமிக்கு. மறு முழத்தை யாரும் சொல்லாமலே தாயார் மதிலுக்கு அப்பால் நீட்டினார்கள். மைசூர் மல்லிகைக்குப் புவிசார் குறியீடு உண்டு; கன்னடக் கவிஞர் கே. எஸ். நரசிம்மசுவாமி 1942இல் வெளியிட்ட புகழ்பெற்ற கவிதை நூலின் பெயரும் அதுவே. அத்தகைய பெருமை வாய்ந்த சீமையில் எங்கள் கொங்கு நாட்டுப் பூவும் ஒரு கூந்தலில் ஏறியது.

காய்கறிப் பாத்திகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை; கத்தரி, தக்காளி, வெண்டை, கொத்தவரை, பந்தலில் பாகலும் பீர்க்கும். வெண்டையில் நரம்பு மஞ்சளாகும் நோயைத் தாங்குகின்ற ‘அர்க்கா அனாமிகா’ என்னும் வகையையே விதைக்கிறேன். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில், 1967இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அளித்த வகை அது. அந்நிலையத்தார் கூறும் இன்னொரு உபாயத்தைத் துலுக்கச் சாமந்தி வளர்ப்பவர்கள் அவசியம் அறியவேண்டும். தக்காளியில் காய்த்துளைப்பான் புழுவை உண்டாக்கும் அந்துப்பூச்சி, சாமந்திப் பூவைக் கண்டால் அதில் முட்டையிடவே விரும்பும். ஆகையால் பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை சாமந்தி நடுகிறார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கவேண்டுமென்பதற்காக, 25 நாள் தக்காளி நாற்றோடு 45 நாள் சாமந்தி நாற்றைச் சேர்த்து நடுவார்கள். என்னிடம் இருப்பவை பன்னிரண்டு தக்காளிச் செடிகளே. நான்கு மூலையிலும் நான்கு சாமந்தி வைத்தேன். பூச்சிகள் கணக்கறியாதவை போலும், முற்றிலும் ஏமாந்துவிடவில்லை. ஆயினும் முன்னைவிடச் சேதம் குறைவு.

இந்தப் பந்தலடியில்தான் தாயார் கன்னடம் கற்றார்கள். சொல்லின் முதலில் வரும் தமிழ் வகரம் கன்னடத்தில் அழுத்தமான பகர ஒலியாகிவிடும். நம் பகரமோ ஹகரமாகும். வாழை ‘பாளெ’ ஆயிற்று, வெண்ணெய் ‘பெண்ணெ’. பூ ‘ஹூவு’, பாகல் ‘ஹாகல’, பீர்க்கு ‘ஹீரெ’. இதனை நான் கல்லூரியில் மொழிநூல் வகுப்பில் உருப்போட்டேன். தாயார் காயைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். பின்னர் அவர்களே விதியை நீட்டிப் புதிய சொற்களை உண்டாக்கத் தொடங்கினார்கள். அவற்றில் பாதி கன்னடத்தில் கிடையாது. மூதாட்டிக்கு மட்டும் அனைத்தும் புரிந்தன.

வேப்பம்பூவின் கதையையும் சொல்லவேண்டும். கன்னடியர்க்குப் புத்தாண்டு உகாதி. சந்திரனைக் கொண்டு கணக்கிடுவது. நமக்குச் சித்திரை முதல் நாள். சூரியனைக் கொண்டு கணக்கிடுவது. 2021இல் ஏப்ரல் 13 உகாதி, மறுநாளே நம் புத்தாண்டு. 2026இலோ மார்ச் 19இலேயே உகாதி வந்துவிட்டது. எந்த ஆண்டாயினும் இரண்டுக்கும் வேண்டிய வேப்பம்பூ ஒரே மரத்தில், ஒரே பருவத்தில் கிடைக்கிறது. இரவில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவைத்து, விடியலில் உதிர்ந்த பூவைச் சேர்த்து, காம்பு நீக்கி இரண்டு மூன்று நாள் உலர்த்தி எடுத்தால் ஆண்டு முழுவதும் ரசத்திற்கு ஆகும்.

முதல் உகாதியன்று மூதாட்டி ஒரு தட்டோடு வந்து, ‘பேவு பெல்ல’ என்று நீட்டினார். நான் என் தொழிலுக்கேற்ப விளக்கம் கூற வாயெடுத்தேன். தாயார் ஒரு சிட்டிகை எடுத்து வாயிலிட்டுக்கொண்டு, ‘வேம்பு, வெல்லம். இதுக்கு எதுக்குக் கண்ணு நீ நடுவுல?’ என்றார்கள். சித்திரைப் பிறப்பன்று எங்கள் வீட்டிலிருந்து மாங்காய்ப் பச்சடி போயிற்று. வெல்லப்பாகில் வெந்த மாங்காயின்மேல், நெய்யில் கருக வறுத்த வேப்பம்பூ. பாத்திரம் வெறுமையாகத் திரும்பவில்லை. ஒப்பட்டு என்னும் போளியும், அதற்கென்று பருப்பு வேகவைத்த நீரில் செய்த ஒப்பட்டுச் சாறும் வந்தன. போளியைவிட அச்சாற்றின் ருசியே எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது.

அது முதல் இரு வீட்டு மொட்டைமாடியும் கோடையில் ஒரே சமையற்கூடம் ஆகிவிட்டது. நாம் வடாம் என்பதை இங்கே ‘சண்டிகெ’ என்பர். அதில் நெற்பொரியை வெண்பூசணித் துருவலோடும் பச்சைமிளகாய் விழுதோடும் பிசைந்து கிள்ளிவைக்கும் ‘அரளு சண்டிகெ’ நம்மவர் கற்கத் தக்கது. கஞ்சி காய்ச்சும் வேலையே இல்லை. தாயார் கற்பித்தது மோர்மிளகாய்க்குப் பக்குவம். அதுவும் இங்கே உண்டு. ஆயினும் பக்குவத்தில் தாயார் விட்டுக்கொடுக்கவில்லை. குட்டை மிளகாயை நுனியில் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே மோரில் போடவேண்டும். மோர் முழுதும் மிளகாய்க்குள் சென்று தீரும்வரை இவ்வாறு செய்யவேண்டும். அவசரப்பட்டு மோரைக் கொட்டிவிட்டால் வெறும் உப்புமிளகாய்தான் மிஞ்சும். பன்னீர் ரோஜா இதழில் குல்கந்தும் செய்கிறோம். இதழின் எடைக்கு இருமடங்கு சர்க்கரை, கண்ணாடிச் சாடியில் அடுக்கடுக்காக இட்டு, மூன்று வாரம் வெயிலில் வைத்தல் எங்கள் முறை. கடையில் வாங்கிய ரோஜா வேண்டாம். அதன்மேல் என்ன மருந்து தெளித்தார்களோ நாமறியோம்.

சென்ற மாதம் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. டெல்லிக்கு. ஆனி பிறக்குமுன் பொறுப்பேற்க வேண்டும். அங்கே கிடைக்கப்போவது மூன்றாம் மாடியில் இரண்டறை வீடு. தாயார் ஊரில் என் தமையனார் வீட்டில் இருப்பதென்று பேசி முடிவாயிற்று. நான்கு ஆண்டுகளாக அவர்கள் கேட்டுவந்ததும் அதுவே. செய்தியைச் சொன்னதும் மகிழ்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் பேசாமல் எழுந்து கொல்லைக்குப் போனார்கள்.

சற்று நேரங்கழித்து நானும் சென்று பார்த்தேன். மல்லிகையின் தாழ்ந்த கிளைகள் இரண்டை வளைத்து, கணுவுக்குக் கீழே இலேசாகச் சீவி, மண் நிரப்பிய இரண்டு தொட்டிகளில் பதித்து, மேலே கல்லைப் பாரம் வைத்திருந்தார்கள். மதிலுக்கு அப்பாலிருந்து மூதாட்டி நீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தொட்டி அவருக்கு. மற்றொன்று மீண்டும் ஊருக்கு. மல்லிகைப் பதியன் நன்றாக வேர்விட்டுத் தாய்ச்செடியினின்று பிரிக்கத் தக்கதாவதற்கு மூன்று முதல் நான்கு மாதம் ஆகும். அன்று சித்திரை பத்தாம் நாள்.

கையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே தாயார் கேட்டார்கள்: ‘ஆவணி வரைக்கும் இந்த வீட்டுக்கு வாடகை எவ்வளவு ஆகும் கண்ணு?’

கணக்கிட்டுச் சொன்னேன். வீட்டுக்காரரிடமும் பேசியிருக்கிறேன்.